துவக்குக்காரன் கட்டிய காசு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வாசகர் பக்கத்தில் சென்ற மாதம் அடுத்தடுத்து இரண்டு கடிதங்கள் வந்தன. வேட்டைக்காரன் எந்த நாட்டில் இருந்தாலும் கொலைகாரன்தான் என்றது ஒன்று. குரங்கும் மயிலும் தோட்டங்களை அழிக்கின்றன, ஆளுக்கொரு துவக்கை, அதாவது துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றது மற்றது. நான் வெள்ளவத்தையில் நாற்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். ஆனால் பிறந்து வளர்ந்தது நெடுங்கேணிப் பக்கத்தில் ஒரு குளத்தடிக் கிராமம். என் அப்புவிடம் லைசென்ஸ் எடுத்த துவக்கு ஒன்று இருந்தது. அதனால் இந்த விஷயத்தில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் சித்திரை மாதம் மகளிடம் போயிருந்தேன். அவள் இருப்பது அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்தை ஒட்டிய புரூக்லைன் என்ற ஊர். போய் மூன்றாம் நாள் காலை, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது பஸ் ஒன்று நடுத்தெருவில் நிற்கிறது. முன்னால் ஏழு வான்கோழிகள். நம்மூரில் நத்தாருக்கு வளர்க்கிற கொழுத்த வெள்ளைக் கோழிகளோடு இவற்றுக்குச் சம்பந்தமே இல்லை. ஒல்லியான நீண்ட கால், கறுப்பும் செம்பும் கலந்து வெயிலில் எண்ணெய் பூசினதுபோல் மினுங்குகிற இறகு. சேவல் ஒன்று வாலை விசிறியாக விரித்து, செட்டையைத் தரையில் உரசிக்கொண்டு, தெரு தன் சொத்து என்பதுபோல் நடந்தது. நெஞ்சிலிருந்து குதிரை மயிர்போல் ஒரு கற்றை தொங்கியது. அதைத் தாடி என்றே சொல்கிறார்கள். சாரதி ஹோர்ன் அடிக்கவில்லை, காத்திருந்தார்.

அந்த மாநிலத்தில், மசாசுசெட்ஸில், கடைசிக் காட்டு வான்கோழி 1851இல் செத்தது. காட்டை வெட்டி வயலாக்கினார்கள், மிச்சம் இருந்த பறவையைச் சுட்டுச் சந்தையில் விற்றார்கள். அவ்வளவுதான், முடிந்தது. 120 வருஷம் ஒன்றுகூட இல்லை. பிறகு 1972, 73இல் பக்கத்து நியூயோர்க் மாநிலத்தில் பிடித்த 37 பறவைகளைக் கொண்டுவந்து மேற்கே மலைக்காட்டில் விட்டார்கள். இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 30,000க்கு மேல் இருக்கின்றன. நான் பார்த்த ஏழும் அந்த வழிவந்தவைதான்.

இதை எனக்குச் சொன்னவர் மகள் வீட்டுக்குத் தண்ணீர்க்குழாய் திருத்த வந்த மனிதர். அறுபது வயது இருக்கும். நான் வான்கோழியைப் பற்றி விசாரித்ததும் வேலையை முடித்துவிட்டுத் தன் வான் வண்டிக்குப் போய் ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்து வந்தார். சோப்புப் பெட்டியை விடக் கொஞ்சம் நீளம். மூடியை ஒரு பக்கம் மட்டும் ஆணியில் தளர்வாகப் பூட்டியிருந்தது. மூடியின் அடியில் சோக்கட்டி தேய்த்து, பெட்டியின் விளிம்பில் மெதுவாக இழுத்தார். சமையலறைக்குள் ஒரு பெட்டைக் கோழி கூப்பிட்டது. அப்படியே கூப்பிட்டது. வசந்த காலத்தில் சேவல் அந்தச் சத்தத்துக்கு மறுகுரல் கொடுத்துக்கொண்டு கிட்ட வரும். மரத்தோடு மரமாக அசையாமல் மணிக்கணக்காக இருக்கவேண்டும், கண் இமைத்தாலும் அது பார்த்துவிடும் என்றார். தன் தாத்தாவிடம் ஒரு குழல் இருந்ததாம், வான்கோழியின் செட்டை எலும்பிலேயே செய்தது. அது அந்த மண்ணின் ஆதிக்குடிகள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே கையாண்ட முறை.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பெட்டிச் சத்தத்தில் எனக்கு அப்புவின் துவாய் ஞாபகம் வந்தது. எங்கள் காட்டுக்கோழிச் சேவல் இன்னொரு சேவலைச் சண்டைக்குக் கூப்பிடும்போது செட்டையைப் படபடவென்று அடிக்கும். அப்பு துவாயை நாலாக மடித்து, விடியற்காலை இருட்டில் ஒரு பாலைமரத்தின் கீழ் குந்தியிருந்து, தொடையில் அந்தத் தாளத்தில் தட்டுவார். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, பிறகு இரண்டு. கொஞ்ச நேரத்தில் பற்றைக்குள் சருகு சரசரக்கும். நான் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன். மஞ்சள் புள்ளி வைத்த சிவந்த கொண்டைப்பூவும், தீப்பிடித்ததுபோன்ற கழுத்துமாக அது வெளியே வந்து நிற்கும். பத்துத் தடவையில் ஏழு தடவை அவர் சுடமாட்டார். பார்த்துவிட்டு எழும்பி வந்துவிடுவோம். அந்தப் பறவை இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை, நம் நாட்டின் தேசியப் பறவை என்பதெல்லாம் நான் பிறகு படித்தது.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். நான் உத்தியோகத்தில் கணக்குப் பார்த்தவன். அதனால் அந்தக் குழாய்க்காரரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, லைசென்ஸுக்குக் கட்டுகிற காசு எங்கே போகிறது என்பதுதான். அவருக்குத் தெரிந்திருந்தது! அந்த மாநிலத்தின் வனவிலங்குத் திணைக்களத்துக்கு என்றார். தோட்டா வாங்கினால் அதன் விலைக்குள் 11 சதவீத வரி இருக்கிறது, அதுவும் அங்கேதான் சுற்றி வருகிறது என்றார். பள்ளிக்கூடம் அதிகம் போகாத மனிதர். தான் கொடுக்கிற ஒவ்வொரு டொலரும் எந்தக் காட்டுக்குப் போகிறது என்று விரல்விட்டுச் சொன்னார்.

இரவு மகளின் கம்பியூட்டரில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். 1930களில் அமெரிக்கா முழுவதும் எஞ்சியிருந்த வான்கோழிகள் அதிகம்போனால் 2 இலட்சம் என்கிறார்கள். அதற்கும் மிகக் குறைவு என்பவர்களும் உண்டு. அந்த நிலைமையில் 1937 செப்டெம்பரில் ஒரு சட்டம் வந்தது. பிட்மன் என்ற செனட்டரும் ரொபர்ட்சன் என்ற காங்கிரஸ் உறுப்பினரும் கொண்டுவந்தது. துவக்குக்கும் தோட்டாவுக்கும் வரி அதற்கு முன்பே இருந்தது, ஆனால் அது பொதுக் கஜானாவில் விழுந்து கரைந்துபோனது. இந்தச் சட்டம் அதை எடுத்துக் காட்டு விலங்குகளின் வேலைக்கு என்று கட்டிப்போட்டது. ஒரு டொலர் வேலைக்கு மாநிலம் 25 சதம் போட்டால் மத்திய அரசு 75 சதம் போடும். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதில் பாதி நிலப்பரப்பைப் பார்த்து, பாதி லைசென்ஸ் எடுத்த வேட்டைக்காரரின் எண்ணிக்கையைப் பார்த்து.

கணக்காளனாக என்னை எழுந்து உட்காரவைத்த இடம் இனித்தான். ஒரு மாநிலம் வேட்டைக்காரன் கட்டிய லைசென்ஸ் காசில் கைவைத்து வேறு வேலைக்குத் திருப்பினால், அதற்கு மத்திய அரசின் பணம் கிடையாது. ரோட்டுப் போட எடுத்தாலும் சரி, ஆஸ்பத்திரி கட்ட எடுத்தாலும் சரி. ஒரு வரி நிபந்தனைதான். அந்த ஒரு வரி 1937இலிருந்து காவல் நிற்கிறது. அண்மைக் காலத்தில் ஒரே வருஷத்தில் 100 கோடி டொலருக்கு மேல் இந்த வழியில் மாநிலங்களுக்குப் போயிருக்கிறது.

காசு வந்த உடனே வான்கோழியும் வந்துவிடவில்லை. முதலில் பண்ணையில் அடைகாக்க வைத்து, குஞ்சு பொரித்து, ஆயிரக்கணக்கில் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வருஷக்கணக்காக விட்டார்கள். எல்லாம் செத்தன. தாயில்லாமல் வளர்ந்த குஞ்சுக்கு நரியைத் தெரியாது, பருந்தின் நிழலைத் தெரியாது, இரவில் மரத்தில் ஏறிப் படுக்கவேண்டும் என்பதும் தெரியாது. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. காட்டில் பிறந்த பறவையைப் பிடித்துக் காட்டுக்கே கொண்டுபோனால்தான் சரிவரும் என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் அதைப் பிடிப்பது லேசா? 1951இல் தென் கரோலினாவில் ஒரு வழி பிடிபட்டது. சோளத்தைத் தூவிவிட்டு, பக்கத்தில் பெரிய வலையை மடித்து மறைத்து வைத்து, கூட்டம் மேய வந்ததும் சின்னப் பீரங்கிகளால் வலையை அவற்றின் மேல் பறக்கவிட்டுப் பிடிப்பது. பிடித்ததைப் பெட்டியில் வைத்து, மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய்த் திறந்துவிட்டார்கள். 1973இல் வேட்டைக்காரர்களே சேர்ந்து தேசிய காட்டு வான்கோழி சம்மேளனம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் நாடு முழுக்க 13 இலட்சம் பறவைகள். இன்று 60 இலட்சத்துக்கு மேல்.

இதை வைத்துக்கொண்டு வேட்டை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பறவையை ஒழித்ததும் துவக்குத்தான். அங்கேயும் இன்று சிக்கல் இருக்கிறது. தென் மாநிலங்கள் சிலவற்றில் வான்கோழி மறுபடியும் குறைகிறது, குஞ்சுகள் தப்புவது குறைவு. ஜோர்ஜியா மாநிலத்தில் 2022இல் ஒருவர் ஒரு பருவத்தில் சுடக்கூடிய தொகையை மூன்றிலிருந்து இரண்டாக்கினார்கள், பருவம் தொடங்குகிற நாளையும் தள்ளிப்போட்டார்கள். பெட்டைகள் முட்டையிட அவகாசம் கொடுப்பதற்குத்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். இன்று அந்த வரியில் பெரிய பங்கு வேட்டைக்காரனிடமிருந்து வருவதில்லை, வேறு காரணத்துக்குத் துவக்கு வாங்குகிறவர்களிடமிருந்து வருகிறது. அந்த நாட்டில் துவக்கு செய்கிற அநியாயம் நமக்குத் தெரியும். முப்பது வருஷம் வெடிச்சத்தம் கேட்ட இந்தத் தீவுக்கு அது வேண்டவே வேண்டாம். ஆளுக்கொரு துவக்குக் கேட்ட வாசகருக்கு என் பதில் அதுதான்.

எனக்கு அங்கிருந்து வேண்டியது இரண்டு. கட்டிப்போட்ட காசு ஒன்று. காட்டைத் தெரிந்தவனை எதிரியாக்காமல் உள்ளே சேர்த்துக்கொண்ட முறை மற்றது.

நம் நாட்டின் விலங்குகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 1937இல் வந்ததுதான். இரண்டாம் இலக்கச் சட்டம். அதே வருஷம்! யாலையும் வில்பத்துவும் அடுத்த வருஷம் தேசிய வனங்களாயின. அதற்கு முன்பே, 1894இல், இங்கே வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று இருந்தது. தொடங்கியவர்கள் யார்? வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒரே ஆள் 1,400 யானைகளைக் கொன்றதாகச் சொல்கிறார்கள். அவர் 1845இல் மின்னல் தாக்கிச் செத்தார், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அப்படிச் சுட்டு முடித்த பிறகுதான் காப்பாற்றவேண்டும் என்ற எண்ணம் துரைமாருக்கு வந்தது. அப்போது காட்டோடு வாழ்ந்த சனங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அப்புறமும் கேட்கவில்லை. 1983இல் மதுரு ஓயா தேசிய வனமானபோது இந்தத் தீவின் ஆதிக்குடிகளான தம்பானை வேடர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்த, வேட்டையாடிய காடு ஒரே நாளில் அவர்களுக்குக் குற்றமாகிவிட்டது. பலரை வெளியே குடியேற்றினார்கள். முதியவர் திசாஹாமி மட்டும் போகமாட்டேன் என்று அங்கேயே இருந்தார். கிழக்கில் தமிழ் பேசுகிற வேடர்கள் இருக்கிறார்கள், வாகரைப் பக்கமும் வெருகல் பக்கமும். அவர்களை இந்தப் பேச்சில் யாரும் நினைப்பதுகூட இல்லை.

அப்பு வருஷா வருஷம் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்கக் காரியாலயத்துக்குப் போய் லைசென்ஸைப் புதுப்பிப்பார். அன்றைக்கு வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. விடியற்காலை பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் திரும்புவார். ரசீதைத் தகரப்பெட்டியில் போடுவார். பதினெட்டு வருஷத்து ரசீதுகள் அந்தப் பெட்டியில் இருந்ததை நான் எண்ணியிருக்கிறேன். ஒருமுறை நான் கேட்டேன், இந்தக் காசில் என்ன செய்வார்கள் என்று. "ஆருக்குத் தெரியும், கவர்மெண்டுக் காசு" என்றார். காட்டுக்கென்று ஒரு சதம் அதிலிருந்து போனதா? எங்கள் குளத்துக்கு மேலே இருந்த காட்டில் ஒரு காவல்காரனைக்கூட நான் கண்டதில்லை.

அப்பு மகாத்மா என்று சொல்லமாட்டேன். மரையிறைச்சி வத்தல் போட்டுத் தேனில் ஊறவைத்து வருஷம் முழுக்கச் சாப்பிட்ட வீடு எங்கள் வீடு. ஆனால் சில கட்டுப்பாடுகள் அவருக்கு இருந்தன, யாரும் எழுதிக் கொடுக்காத கட்டுப்பாடுகள். காட்டுக்குள் நுழையும்போது ஒரு குழையை முறித்து ஐயனாருக்கு என்று கொம்பில் செருகுவார். ஆடி ஆவணிக் கோடையில் மோட்டையில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது பரண் கட்டி, தண்ணிக்கு வருகிற மானைச் சுடுகிறவர்கள் ஊரில் இருந்தார்கள். அப்பு அதைச் செய்யமாட்டார். தாகத்துக்கு வாறதைச் சுடுகிறவன் மனுசனா என்பார். ஒருநாள் மாலை மங்கலில் சுட்டது சினைமான் என்று வெட்டும்போது தெரிந்தது. நான் பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குளத்துக்குப் போய்த் தலை முழுகினார். அந்த இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அடுத்த மழைக்காலம் வரை துவக்கைத் தொடவே இல்லை.

பிரச்சினைக் காலத்தில் துவக்கு போனது, பிறகு ஊரே போனது. துவக்கு போனதில் எனக்குக் கவலையில்லை. அதோடு அந்தக் கட்டுப்பாடும், அந்த அறிவும் சேர்ந்து போனதுதான் நெஞ்சில் நிற்கிறது. இன்று அந்த இடத்தில் என்ன வந்திருக்கிறது? மிருகம் தட்டினால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கு. சுருக்குக் கம்பி. பூசணிக்காய்க்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கிற ஹக்கபட்டாஸ். இவற்றுக்கு ஆணும் பெண்ணும் தெரியாது, சினையும் குட்டியும் தெரியாது. பன்றிக்கென்று வைத்ததை யானைக்குட்டி கடித்து, தாடை சிதறி, தின்ன முடியாமல் பல நாள் நின்று சாகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கம்பியில் சிக்கிச் செத்த கருஞ்சிறுத்தையின் படம் உங்கள் பத்திரிகை வாசகர்களுக்கும் ஞாபகம் இருக்கும். அதுவும் பன்றிக்கு வைத்த கம்பியாகத்தான் இருக்கும். கம்பி வைக்கிறவனை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு இரவில் மரவள்ளித் தோட்டம் முழுவதும் கிண்டப்பட்டுக் கிடப்பதைப் பார்க்கிறவனுக்கு இந்த நாடு கம்பியைத் தவிர வேறு என்ன வழியைக் கையில் கொடுத்திருக்கிறது என்று கேட்கிறேன். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் நாடு முழுவதும் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணச் சொன்னார்கள். எண்ணினோம். எண்ணியதற்குப் பிறகு தோட்டக்காரனுக்கு என்ன கிடைத்தது?

வனசீவராசிகளுக்கென்று ஒரு நிதியம் நம் சட்டத்திலும் இருக்கிறது. வனங்களுக்கு நுழைவுக் கட்டணம் அறவிடுகிறார்கள், வெளிநாட்டுக்காரரிடம் டொலர் கணக்கில். யாலையின் வாசலில் விடியற்காலை நிற்கிற ஜீப் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வருமானம் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் காசு பெருகட்டும். நான் கேட்பது, எந்த வனத்தில் எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு அந்தக் காட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கும் திரும்பிப் போனது என்பதை வருஷத்துக்கு ஒருமுறை மூன்று மொழியிலும் பத்திரிகையில் போடவேண்டும், வனத்தின் வாசலில் பலகையில் எழுதி வைக்கவேண்டும் என்பதுதான். வேறு வேலைக்குத் திருப்பமுடியாதபடி அந்த ஒரு வரி நிபந்தனையைச் சட்டத்தில் எழுதவேண்டும். பயிர் அழிந்தவனுக்கு இழப்பீடு அந்தப் போகத்துக்குள்ளேயே கையில் கிடைக்கவேண்டும். அடுத்த போகத்தில் கிடைக்கிற காசு அவனைக் கம்பி வைக்காமல் தடுக்காது.

மற்றது ஆட்கள். வன்னியிலும், வாகரையிலும், தம்பானையிலும், மொனராகலையிலும் அடிச்சுவட்டைப் பார்த்து எந்த மிருகம், எப்போது போனது, காயம்பட்டதா என்று சொல்லக்கூடிய கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சுருக்குக் கம்பி எந்தப் பாதையில் வைத்திருப்பான் என்று அவர்களுக்குத்தான் தெரியும், ஏனென்றால் மிருகம் எந்தப் பாதையில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைச் சம்பளத்துக்கு எடுங்கள். காட்டில் நடக்க முடியாதவரை இளம் காவலர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வையுங்கள். கல்வித் தகைமை கேட்காதீர்கள். பண்ணையில் வளர்த்து விட்ட அந்த வான்கோழிக் குஞ்சுகளுக்கு நேர்ந்தது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. காட்டை விளங்கப்படுத்தத் தாய் ஒன்று வேண்டியிருந்தது, அது இல்லாமல் ஆயிரம் குஞ்சு செத்தது. நம் காவலர்கள் நல்ல பிள்ளைகள், உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார்கள். ஆனால் அவர்களில் பலருக்குக் காட்டைக் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தவர் எவரும் இல்லை.

எங்கள் கிராமத்துக்குச் சனம் திரும்பி வந்துவிட்டது. அப்புவோடு வேட்டைக்குப் போனவர்களில் இரண்டு பேர் இப்போதும் அங்கே இருக்கிறார்கள். மூத்தவருக்கு எண்பத்தாறு வயது. போன தைப்பொங்கலுக்குப் போனபோது அவர் முற்றத்தில் உட்கார்ந்து துவாயைத் தொடையில் தட்டிக் காட்டினார். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, இரண்டு தட்டு. வேலிக்கு அப்பாலிருந்து ஒன்று பதில் சொன்னது. திணைக்களத்திலிருந்து யாராவது அவரைப் பார்க்கப் போவதென்றால் ஊர் விபரத்தை உங்கள் காரியாலயம் மூலம் தரத் தயாராக இருக்கிறேன். காலையில் போகச் சொல்லுங்கள், பின்னேரமானால் அவர் களைத்துப் படுத்துவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.